ஊருக்குள் கவிதை வைக்க எந்த இடம் சரி? சுவர், கல், பஸ், கரும்பலகை, சட்டம் போட்ட தாள்: ஓர் ஒப்பீடு

ஊரின் பொது இடங்களில் குறுங்கவிதைகளை எழுதி வைக்க வேண்டும் என்று எங்கள் கிளை நூலக வாசகர் வட்டத்தில் ஒரு மனதாக முடிவானது. எங்கே, எதில் என்பதில்தான் ஒரு மனம் வரவில்லை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா கருங்கல்லில் வெட்டியே ஆக வேண்டும் என்கிறார். கல்லூரி முடித்த தம்பிகள் எல்இடி பலகை கேட்கிறார்கள். சுவரில் எழுதலாம் என்பவர்கள் பாதிப் பேர். கையில் இருப்பதோ சந்தாவும் நன்கொடையும் சேர்ந்த சின்னத் தொகை. எல்லாவற்றையும் செய்து பார்க்க வழியில்லை. ஆகவே ஒவ்வொன்றாக எடுத்து அலசினோம். இதே யோசனையில் இருக்கும் வேறு ஊர்க்காரர்களுக்கும் பயன்படலாம் என்று எழுதி வைக்கிறேன்.

பொது இடத்தில் கவிதை நமக்கொன்றும் புதிதல்ல. அரசு பஸ்ஸில் ஏறினால் குறள் இருக்கும். பள்ளிக் கரும்பலகையின் மேல் மூலையில் குறள் இருக்கும். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் நாலு வரி இரங்கல் பாட்டு இருக்கும். அதை எழுதித் தருவதற்கென்றே அச்சகத்தில் ஒரு கை இருக்கும். ஆட்டோவின் முதுகில் தத்துவம் இருக்கும். இந்த நான்கில் எதை மக்கள் நின்று படிக்கிறார்கள்? சந்தேகமே இல்லாமல் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைத்தான். அது நேற்று இல்லை, இன்று இருக்கிறது. பஸ்ஸில் உள்ள குறளோ அந்த பஸ் வந்த நாளிலிருந்து அதேதான். தினமும் அதே வண்டியில் போகிறவரிடம் உள்ளே என்ன குறள் எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

அதனால் எந்த வழியை எடுத்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டேன். படிக்கிறவர் அங்கே நிற்கிறாரா? எழுதியது மாறுமா? செலவு, ஆயுள், அழகு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நிற்கிறவரும் போகிறவரும்

கொஞ்சம் கணக்குப் போடலாம். சாதாரணமாக நடக்கிறவர் மணிக்கு நாலரை கிலோமீட்டர் போகிறார் என்றால் நொடிக்கு ஒன்றேகால் மீட்டர். 20 அடி நீளச் சுவரை 5 நொடியில் கடந்துவிடுவார். ஒரு குறளில் 7 சீர்; 5 நொடியில் கண்ணால் ஓட்டிவிடலாம், மனசில் இறங்குமா என்பது வேறு விஷயம். பைக்கில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு அதே சுவர் அரை நொடிதான். அரை நொடியில் ஆத்திசூடியின் இரண்டு சொல்லைப் படிக்கலாம், அதற்கு மேல் முடியாது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்கோ கால் மணி நேரம் இருக்கிறது. மாவு மில்லில் முறை வரும் வரை நிற்பவருக்கு அதைவிட அதிகம்.

நம் இலக்கியமும் அளவு பார்த்துத்தான் தொகுக்கப்பட்டிருக்கிறது. ஐங்குறுநூறு 3 முதல் 6 அடி, குறுந்தொகை 4 முதல் 8 அடி, நற்றிணை 9 முதல் 12 அடி, அகநானூறு 13 முதல் 31 அடி. வண்டிகள் ஓடும் சாலைக்கு ஆத்திசூடி, நடக்கும் தெருவுக்குக் குறள், நிற்கும் இடத்துக்கு ஐங்குறுநூறும் குறுந்தொகையும். டாக்டர் வர ஒரு மணி நேரம் ஆகும் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் நற்றிணை வைக்கலாம். அகநானூற்றுக்கு எந்த இடமும் இல்லை. அது புத்தகத்திலேயே இருக்கட்டும்.

எழுத்தின் அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. பத்தடி தூரத்திலிருந்து சௌகரியமாகப் படிக்க ஓர் அங்குல உயரம் வேண்டும் என்பது விளம்பரப் பலகைத் தொழிலில் பொதுவாகச் சொல்வது. தமிழ் எழுத்தில் சுழியும் மடிப்பும் அதிகம் என்பதால் இன்னும் கொஞ்சம் கூட்டி வைப்பது நல்லது. எதிர்ச்சாரியிலிருந்து, அதாவது முப்பதடி தள்ளி நின்று படிக்க வேண்டுமானால் மூன்று அங்குல எழுத்து. ஒரு குறுந்தொகைப் பாட்டை மூன்று அங்குலத்தில் எழுதினால் ஒரு வீட்டின் பக்கச் சுவரே வேண்டியிருக்கும்.

சுவர்

சுவர் என்றதும் எல்லோரும் எடுத்துக்காட்டுவது நெதர்லாந்தின் லைடன் நகரத்தை. 1992-இல் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட கவிதைகளை வீட்டுச் சுவர்களில் பெரிதாகத் தீட்டியிருக்கிறார்கள். எந்த மொழிக் கவிதையோ அந்த மொழியின் எழுத்திலேயே. கபிலரின் குறுந்தொகைப் பாட்டு ஒன்றும் அங்கே தமிழிலேயே சுவரில் இருக்கிறது. யாரும் இல்லை, தானே கள்வன் என்று தொடங்குகிற பாட்டு. சாட்சியில்லாமல் போன ஒரு காதலைப் பற்றிய ஐந்தடி, யாரும் தமிழ் படிக்கத் தெரியாத தெருவில். எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது சுவர்க் கட்சியின் பலம் இரண்டு மடங்கானது.

ஆனால் லைடனின் சுவரும் நம் சுவரும் ஒன்றல்ல. முதல் சிக்கல் சுண்ணாம்பு. பழைய சுவர்களில் வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பு அடை அடையாக இருக்கும். அதன் மேல் பெயிண்டில் எழுதினால் ஒரே மழைக்காலத்தில் செதிலாக உரியும். சுரண்டி, பிரைமர் அடித்து, எமல்ஷன் பூசி, அப்புறம் எழுத வேண்டும். எழுதும் கூலியைவிடச் சுவரைத் தயார் செய்யும் கூலி அதிகம் வரும். இரண்டாவது ஓதம். தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரம் வரை உப்புப் பூக்கும். அந்தப் பகுதியில் என்ன எழுதினாலும் நிற்காது. நாலடிக்கு மேல்தான் முதல் எழுத்தே வர வேண்டும். மூன்றாவது வெயில். மேற்குப் பார்த்த சுவரில் சிவப்பு சீக்கிரம் வெளுக்கும். கறுப்பும் காவியும்தான் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

காவி என்று சொன்னதும் அடுத்த சிக்கல் வந்துவிட்டது. நம் ஊரில் நிறத்துக்குக் கொள்கை உண்டு. கறுப்பும் சிவப்பும் சேர்ந்தால் ஒரு கட்சி. நடுவில் வெள்ளை வந்தால் இன்னொரு கட்சி. காவிக்கு ஒருவர், நீலமும் சிவப்பும் சேர்ந்தால் ஒருவர், மஞ்சள் சேர்ந்தால் மற்றொருவர். கவிதை யாருடையதாக இருந்தாலும், நிறத்தைப் பார்த்து இது இன்னார் எழுதிய சுவர் என்று முடிவு செய்துவிடுவார்கள். வெள்ளையில் கருநீலம் ஒன்றே வம்பில்லாதது என்று பெயிண்டர் அண்ணன் சொன்னார். பல வருஷம் கட்சிச் சுவர் எழுதிய கை. பிளெக்ஸ் வந்த பிறகு பாதி வேலை போனவர். அவர் பேச்சைக் கேட்பதுதான் புத்தி.

அனுமதி விஷயம்: 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திறந்தவெளி இடங்கள் உருக்குலைவு தடுப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பொது இடத்துச் சுவர்களில் நினைத்தபடி எழுதவும் ஒட்டவும் முடியாது. தனியார் சுவர் என்றாலும் உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அப்பா சரி என்று சொல்லியிருப்பார், மகன் வெளியூரிலிருந்து வந்து யாரைக் கேட்டு எழுதினீர்கள் என்பார். தேர்தல் அறிவித்துவிட்டால் சுவரெழுத்துகளை அழித்துக்கொண்டே வருவார்கள். வெள்ளையடிக்கும் ஆளிடம், இது கட்சி எழுத்தல்ல, கபிலர் என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

இத்தனையும் சொன்னாலும் சுவரை நான் ஒதுக்கவில்லை. ஊருக்கு ஒரு சுவர் நன்றாக எழுதப்பட்டால் அது அடையாளமாக நிற்கும். குறள் சந்து, பாட்டுச் சுவர் என்று வழி சொல்ல ஆரம்பிப்பார்கள். ஆனால் ஒன்றுதான். பத்துச் சுவர் என்று ஆரம்பித்தால் பத்தும் அரைகுறையாகும்.

கல்

தமிழாசிரியர் ஐயாவின் வாதம் பலமானது. ஏடு செல்லரித்துப் போகும், கல் போகாது. அவர் சொன்ன சான்று உண்மையானது: திருஞானசம்பந்தரின் பதிகம் ஒன்று ஏடுகளில் கிடைக்காமல் போய், 1917-இல் திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டிலிருந்துதான் கிடைத்தது. யாரோ ஒருவர் கல்லில் வெட்டி வைத்ததால் ஒரு பதிகம் பிழைத்தது. சென்னை வள்ளுவர் கோட்டத்தில் 1330 குறளும் கல்லில் இருக்கின்றன. மதுரை மீனாட்சியம்மன் கோயில் பொற்றாமரைக் குளத்தருகே மண்டபச் சுவரிலும் குறள்களைப் பொறித்திருக்கிறார்கள்.

ஆனால் பதிகம் தொலைந்து போகும் என்ற பயம் அன்றைக்கு இருந்தது. குறுந்தொகையோ குறளோ இன்றைக்குத் தொலையப் போவதில்லை, செல்போனிலேயே இருக்கிறது. படிக்கப்படவில்லை என்பதுதான் குறை. அந்தக் குறையைக் கல் தீர்க்காது. கல்லில் வைத்ததும் அது கல்வெட்டாகிவிடும். கல்வெட்டைச் சுற்றுலா போகும்போது பார்ப்போம், தினமும் பார்க்க மாட்டோம்.

செலவும் உண்டு. கல்வெட்டுகிறவர்கள் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். பாட்டு சுருக்கமாக இருப்பது அங்கே ஒரு லாபம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓர் ஒற்று விட்டுப்போனால் திருத்த முடியாது. ஊருக்குள் கல்லில் வெட்டிய பிழைகளுக்குப் பஞ்சமில்லை: திறப்பு விழாக் கல்வெட்டுகளைப் பாருங்கள், மந்திரி பெயர் சரியாக இருக்கும், மற்றதெல்லாம் அவரவர் அதிர்ஷ்டம்.

நூலகத்துக்குப் புதுக் கட்டடம் வரும்போது வாசலில் ஒரு கல் வைக்கலாம் என்பதோடு இந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டோம். ஐயா இன்னும் முழுசாகச் சம்மதிக்கவில்லை.

பஸ்ஸும் ஆட்டோவும்

வண்டிக்குள் கவிதை வைப்பதில் உலகத்துக்கே முன்மாதிரி என்று லண்டன் சுரங்க ரயிலைச் சொல்வார்கள். 1986-இல் ஜூடித் செர்னைக் என்ற எழுத்தாளரும் அவருடைய கவிஞர் நண்பர்கள் இருவரும் சேர்ந்து தொடங்கியது. ரயில் பெட்டிக்குள் விளம்பரம் வராமல் காலியாகக் கிடந்த இடங்களைக் கவிதைக்குக் கேட்டார்கள்; கிடைத்தது. அவர்கள் செய்த கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், ஆண்டுக்குச் சில முறை மொத்தக் கவிதைகளையும் மாற்றிவிடுகிறார்கள். செம்புலப் பெயல்நீர் பாட்டும் ஆங்கிலத்தில் அந்த ரயில்களில் போய் வந்திருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய நம் ஊர்க் காதலன் லண்டன் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களிடம் என் தாயும் உன் தாயும் யார் யாரோ என்று சொல்லிக்கொண்டிருந்தான் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் பெருமையும் சேர்ந்தே வருகின்றன.

நம்மால் முடியுமா? அரசு பஸ் என்றால் போக்குவரத்துக் கழகத்தின் அனுமதி வேண்டும். விளம்பர இடங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும். ஓர் ஊர் வாசகர் வட்டம் டிப்போவுக்கு நடந்து நடந்து செருப்புத் தேய வேண்டியதுதான். ஆனால் மினி பஸ் தனியாருடையது. உரிமையாளர் தலையசைத்தால் போதும். ஷேர் ஆட்டோ இன்னும் சுலபம். டிரைவர் சீட்டின் பின்பக்கம், பயணியின் கண்ணுக்கு இரண்டடி தூரத்தில், வேறு எதையும் பார்க்க வழியில்லாத இடம். ஒரு தாள் அளவுக்கு வினைல் ஸ்டிக்கர் போதும்.

குறை என்னவென்றால், ஸ்டிக்கரை ஒட்டுவது எளிது, உரிப்பது கஷ்டம். வெயில் பட்ட பசை காய்ந்து, துண்டு துண்டாகத்தான் வரும். மாற்றுவதற்கு ஒவ்வொரு முறையும் டிரைவர் நேரம் தர வேண்டும். அவருக்கு அது சவாரி போகும் நேரம். ஒட்டாமல் பிளாஸ்டிக் உறைக்குள் தாளைச் செருகும்படி செய்தால் இந்தத் தொல்லை குறையும். இரண்டாம் கட்டமாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கியிருக்கிறோம்.

தரை, பிளெக்ஸ், மின்பலகை

அமெரிக்காவின் செயின்ட் பால் நகரத்தில் 2008 முதல் நடைபாதை சிமென்ட்டில் கவிதையை அச்சுப் பதிக்கிறார்கள். நடைபாதையில் உடைந்த பலகைகளை நகராட்சி எப்படியும் மாற்றியாக வேண்டும். அப்படி மாற்றும் ஈர சிமென்ட்டிலேயே கவிதையை அழுத்திவிடுகிறார்கள். பாஸ்டனில் மழை நனைத்தால் மட்டும் தெரியும் கவிதைகளை நடைபாதையில் தெளித்தார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம். எழுத்தின் மேல் நடக்கச் சொன்னால் பாட்டிகள் சுற்றிக்கொண்டு போவார்கள். அப்புறம், எங்கள் ஊரில் நடைபாதை எங்கே இருக்கிறது?

என்றாலும் செயின்ட் பால்காரர்களிடம் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. எப்படியும் நடக்கப் போகிற வேலையோடு கவிதையைச் சேர்த்துவிடுவது. பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று தெரிந்தால், அன்றைக்கே போய்ச் சுவரில் ஒரு மூலை கேட்கலாம். சாரமும் இருக்கும், ஆளும் இருப்பார்.

பிளெக்ஸ் பற்றி அதிகம் பேச வேண்டாம். மலிவு, ஒரு மணி நேரத்தில் கிடைக்கும், ஒரு கோடையில் சிவப்பும் மஞ்சளும் போய் நீலம் மட்டும் மிஞ்சும். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்த பிறகு, சாலையோரம் இன்னொரு பிளெக்ஸ் வைக்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. மரத்தில் ஆணி அடித்துப் பலகை மாட்டுவதும், மின்கம்பத்தில் கட்டுவதும் கூடவே கூடாது.

எல்இடி பலகையில் எழுத்து ஓடும். கவிதை ஓடினால் முதல் வரி போன பிறகுதான் கடைசி வரி வரும். திரும்பிப் பார்க்க முடியாது. மலிவான பலகைகளில் தமிழ் ஒழுங்காக வருவதும் இல்லை. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். கியூஆர் கோடு தனியாக நின்றால் அதை யாரும் தொட மாட்டார்கள். கவிதைக்குக் கீழே சின்னதாக வைத்து, பாட்டை ஒருவர் வாசிக்கும் ஒலிப்பதிவுக்கு வழி செய்தால் உபயோகம். தம்பிகளுக்கு அந்த வேலையைக் கொடுத்திருக்கிறோம்.

கரும்பலகை

எனக்குப் பிடித்தது இதுதான் என்று முன்பே சொல்லிவிடுகிறேன். நாலடிக்கு மூன்றடி பலகை ஒன்று, கறுப்புப் பெயிண்ட், ஒரு டப்பா சாக்பீஸ். இதைவிடக் குறைந்த செலவில் எதுவும் இல்லை. இரண்டு அங்குல எழுத்தில் எழுதினால் நாலடி அகலத்தில் ஒரு குறளின் முதலடி சரியாக அடங்கும். குறுந்தொகை என்றால் எழுத்தைக் கொஞ்சம் சுருக்க வேண்டும்.

கரும்பலகைக்கு மட்டும் உள்ள குணம் ஒன்று இருக்கிறது. சாக்பீஸ் எழுத்தைப் பார்த்ததும் இதை இன்றைக்கு யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அச்சடித்த பலகையைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. தேநீர்க் கடை வாசலில் கட்சிக் கிளைகளும் பகுத்தறிவுக்காரர்களும் பொன்மொழிப் பலகை வைத்து எழுதி வந்த வழக்கம் நம் ஊர்களுக்குப் பழையது. நின்று படிப்பதற்குக் கண் பழகியிருக்கிறது. இன்னொன்று, ஜனங்கள் திருத்துவார்கள். இங்கே ஒரு ‘க்’ வரணும் சார் என்று காய்கறிப் பையோடு போகிறவர் சொல்லிவிட்டுப் போவார். பிழை திருத்துகிறவர் பாட்டைப் படித்தவர் என்றுதானே பொருள்? கிரானைட்டில் இருந்தால் யாரும் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் பயனில்லை.

குறையும் சின்னதல்ல. கரும்பலகைக்கு ஓர் ஆள் வேண்டும். தினம் ஒரு கவிதை என்று தொடங்குகிற பலகைகள் எப்படி முடிகின்றன என்று பல ஊர்களில் பார்க்கலாம். முதல் மாதம் வண்ணச் சாக்பீஸில் பூ வரைந்திருப்பார்கள். அப்புறம் பூ நின்றுவிடும். அப்புறம் பாதி அழிந்த ஒரு குறள், மூலையில் ஆறு மாதத்துக்கு முந்தைய தேதி. பழைய தேதி போட்ட பலகை, பலகையே இல்லாததைவிட மோசம். இந்த ஊரில் யாருக்கும் அக்கறையில்லை என்று அது தினமும் சொல்லிக்கொண்டிருக்கும். மாணவர்களை எழுத வைக்கலாம் என்றால் பரீட்சை வந்ததும் நின்றுவிடும். ஏழு நாளைக்கு ஏழு பேர் என்று அட்டவணை போட்டால், நடைமுறையில் எழுதுவது இரண்டு பேராகத்தான் இருக்கும்.

ஆகவே தினமும் என்ற சொல்லை விட்டுவிட்டோம். வாரம் இரண்டு முறை, திங்களும் வியாழனும். தேதி போடுவதில்லை, மாதம் மட்டும். மழை அடிக்காத இடமாக நூலக வாசல் சன்ஷேடின் கீழே ஒரே ஒரு பலகை. எழுதும் பொறுப்பு இரண்டு பேருக்கு. ஒருவர் ஊரில் இல்லையென்றால் மற்றவர்.

சட்டம் போட்ட தாள்

கடைசியில் பெரும்பாலோர் சாய்ந்தது இதன் பக்கம்தான். யோசனை மிகச் சாதாரணம். ஏ3 தாளில் ஒரு கவிதையை அச்செடுத்து, பின்பக்கம் திறந்து மூடும் சட்டத்தில் போட்டு, மக்கள் காத்திருக்கும் இடங்களில் மாட்டுவது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை தாளை மட்டும் மாற்றுவது.

இடங்களின் பட்டியலைப் போட்டபோதுதான் ஊரில் எத்தனை பேர் எத்தனை இடத்தில் சும்மா நிற்கிறார்கள் என்று தெரிந்தது. மாவு மில், சலூன், தையல் கடை, மருந்துக் கடை, ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளி வரிசை, கூட்டுறவு வங்கி, ரேஷன் கடை, ஜெராக்ஸ் கடை, கூரியர் ஆபீஸ். அரசு இடங்களுக்கு மனுக் கொடுக்க வேண்டும். அது நடக்கும்போது நடக்கட்டும். கடைகளுக்கு ஒரு வார்த்தை போதும். மாவு மில் அக்கா, எனக்கும் பொழுது போகும், மாட்டுங்க என்று சொல்லிவிட்டார். சலூன்காரர் மட்டும் கண்ணாடிக்கு எதிரே மாட்டாதீர்கள், எழுத்து திரும்பித் தெரியும் என்றார். நியாயம்தானே?

அளவு பார்த்தோம். தாளைப் படுக்கைவாட்டில் வைத்தால் நாற்சீர் அடி ஒன்று உடையாமல் ஒரே வரியில் நிற்கும். கணினியில் எழுத்தளவு 48-க்குக் குறையக் கூடாது. நாலைந்தடி தள்ளி உட்கார்ந்திருக்கும் வயசானவர் கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டும். லேமினேட் செய்தால் ட்யூப்லைட் வெளிச்சம் பட்டுப் பளபளக்கும், படிக்க முடியாது. மங்கலான பரப்புள்ள அக்ரிலிக் முகப்பு பரவாயில்லை. மாவு மில்லில் மட்டும் வாரத்துக்கு ஒரு முறை துடைக்க வேண்டும்.

சுவரோடும் கரும்பலகையோடும் வைத்துப் பார்த்தால் சட்டத்தில் அழகு குறைவு, உள்ளபடியே. கையெழுத்தின் உயிர் இதில் இல்லை. தெருவில் போகிறவருக்குத் தெரியாது, உள்ளே வருகிறவருக்குத்தான். ஆனால் என் இரண்டு கேள்விகளுக்கும் நல்ல பதில் தருவது இதுதான். ஆள் நிற்கிறார், தாள் மாறுகிறது. ஒரு தாள் பிழையானால் அடுத்த நாளே மாற்றலாம். ஓர் இடம் ஒத்துவரவில்லையென்றால் கழற்றி வேறிடத்தில் மாட்டலாம். ஆள்பலமும் அதிகம் வேண்டாம். எப்படியும் மில்லுக்குப் போகிறவரே மில்லின் தாளை மாற்றுவார், முடி வெட்டப் போகிறவரே சலூன் தாளை. தாளை ஒரு சட்டத்திலிருந்து அடுத்ததற்குச் சுற்றில் விட்டால் பத்துச் சட்டத்துக்குப் பத்துக் கவிதையே பல மாதங்களுக்கு வரும்.

எதைப் போடுவது

இதில் இரண்டு விஷயம் மட்டும். ஒன்று உரிமை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. சங்கப் பாட்டு, குறள், ஔவை, தனிப்பாடல் எதற்கும் யாரையும் கேட்க வேண்டாம். பாரதி 1921-இல் மறைந்தார், கேள்வியே இல்லை. பாரதிதாசன் 1964-இல் மறைந்தவர். 60 ஆண்டும் முடிந்துவிட்டது, அதற்கு முன்பே நாட்டுடைமையும் ஆகிவிட்டது. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் பட்டியல் நீளமானது; அதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். இப்போது எழுதுகிறவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம். அதன் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் தாள் பழுப்பாகிவிடும்.

இரண்டு, சொல் பிரிப்பு. பழைய பாட்டை ஏட்டில் உள்ளபடி சீர் பிரித்து எழுதினால் ‘தாங்கலந் தனவே’ என்று வரும். மில்லில் நிற்கிறவர் அங்கேயே தடுக்கி நின்றுவிடுவார். ‘தாம் கலந்தனவே’ என்று எழுதினால் அவரே பொருளைப் பிடித்துக்கொள்வார். யாப்பு கெடுகிறதே என்று ஐயா வருத்தப்பட்டார். யாப்பு தெரிந்தவர் மனசுக்குள் சேர்த்துப் படித்துக்கொள்வார். தெரியாதவருக்குத்தான் நாம் உதவ வேண்டும். முழு உரை போட வேண்டாம் என்பது என் கருத்து. உரை இருந்தால் பாட்டை விட்டுவிட்டு அதைத்தான் படிப்பார்கள். கடினமான சொல் இரண்டு மூன்றுக்கு மட்டும் கீழே சின்ன எழுத்தில் பொருள் போதும்.

உள்ளூர்க்காரர்களின் கவிதைக்கு இடம் உண்டா என்று ஒரு கேள்வி வந்தது. உண்டு, ஆனால் நூலகப் பலகையில் மட்டும், வியாழக்கிழமைகளில். எல்லாச் சட்டத்திலும் என்று திறந்துவிட்டால் யாருடையதைப் போட்டாய், யாருடையதை விட்டாய் என்ற பஞ்சாயத்தில் வட்டமே உடைந்துவிடும்.

ஆக இப்போதைக்கு முடிவானது இதுதான். கடைகளில் ஆறு சட்டங்கள், நூலக வாசலில் ஒரு கரும்பலகை. இவை ஒரு வருஷம் நிற்காமல் நடந்தால் ஷேர் ஆட்டோக்களிடம் பேசுவது. சுவர் ஒன்றே ஒன்று, பெண்கள் பள்ளிக்குப் போகும் சந்தில், ரைஸ் மில்லின் பக்கச் சுவர். உரிமையாளர் ஒப்புதல் எழுதித் தந்துவிட்டார். அதைத் தேர்தல் முடிந்த பிறகு தொடங்கலாம் என்று தள்ளி வைத்திருக்கிறோம். பெயிண்டர் அண்ணன் இப்போதே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, சுண்ணாம்பைச் சுரண்ட மட்டும் இரண்டு ஆள் கூலி தனியாக எழுதிக்கொள்ளச் சொன்னார்.